சனிக்கிழமை வியன்னாவில் இறங்கினோம்

கல்யாணசுந்தரத்தின் வலது கை விரல்கள் எப்போதும் சிவந்திருக்கும். மருதாணி வைத்துக்கொண்டாயா என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். விமான டிக்கெட்டின் பின்பக்கம் சிவப்பு மை பூசியிருக்குமாம். பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினால்தான் அடித் தாள் வரைக்கும் எழுத்து இறங்குமாம். ஒரு நாளைக்கு நாற்பது டிக்கெட் எழுதினால் கை எப்படி இருக்கும்? எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒருவன் வேலையை அழுத்தமாகச் செய்கிறானா இல்லையா என்பது கையைப் பார்த்தால் தெரியும்.

நான் துபாய்க்கு வந்தது எழுபத்தைந்தில். என் மகன் சேதுபதி ஒரு கட்டடக் கம்பெனியில் இன்ஜினீயர். மருமகள் ராதாவுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க வந்தவள், பேரனை விட்டுப் போக மனசில்லாமல் தங்கிவிட்டேன். துபாயின் தேரா பகுதியில் எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் நாலு பேரோடு ஒரே ரூமில் இருந்தான் கல்யாணம். கும்பகோணத்துக்காரன். அப்பா பஸ் கண்டக்டர். நாங்கள் டிக்கெட் கிழிக்கிற குடும்பம் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அறுபத்தெட்டில் பம்பாயிலிருந்து கப்பலில் வந்து, ஒரு டிராவல் ஆபீசில் டீ வாங்கிக் கொடுத்து, பாஸ்போர்ட்டுகளைக் கட்டுக் கட்டாகத் தூக்கி அலைந்து, பிறகு டிக்கெட் எழுதும் நாற்காலிக்கு வந்தவன். வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. அவனும் சைவம், நாங்களும் சைவம்.

ஒன்பது வருஷமாக லண்டனுக்கும் ரோமுக்கும் ஆட்களை அனுப்பியவன் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. லீவுக்குப் போனால் கப்பல்தான். ஆனால் ஆபீசில் செங்கல் கனத்தில் இரண்டு புத்தகங்கள் உண்டு. ஒன்றில் உலகத்து விமானங்கள் புறப்படும் நேரம், இன்னொன்றில் ரயில்கள் புறப்படும் நேரம். மற்றவர்கள் தொடர்கதை படிப்பது போல அவன் அதைப் படிப்பான். "பெரியம்மா, இப்ப மிலான்லேர்ந்து ஒரு வண்டி கெளம்புது" என்பான், என் வீட்டு ரசத்தைக் குடித்துக்கொண்டே.

அவனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். பெண்டாட்டி தாமரை கும்பகோணத்தில் மாமியாரோடு இருந்தாள். நாலு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்திருந்தது மொத்தம் ஐந்து மாதம். குமாஸ்தாவுக்கு ஃபேமிலி விசா கிடையாது, ஆபீசர் கிரேடு வந்தால்தான் உண்டு. இதை அவன் யாரிடமும் புலம்பியதில்லை. ராதாவின் புடவை கொடியில் காய்வதைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நிற்பான். அவ்வளவுதான்.

எழுபத்தேழு ஜனவரியில் ஒரு யோசனையோடு வந்தான். ஐரோப்பாவுக்கு டூர் போகிற நம் ஆட்கள் திரும்பி வந்ததும் சொல்லும் முதல் பேச்சு என்ன? பட்டினி கிடந்தோம் என்பதுதான். அரண்மனையைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. ஆகவே சைவக்காரர்களுக்கு மட்டும் ஒரு டூர். ஒரே ஊர், ஒன்பது நாள். அடுப்படி உள்ள ஒரு விடுதியை முழுதாக எடுத்துக்கொள்வது, நாமே சமைத்துச் சாப்பிட்டு ஊர் சுற்றிப் பார்ப்பது. ஊர் வியன்னா. ஏன் வியன்னா என்று கேட்டேன். அந்தப் பெயரைத்தான் டிக்கெட்டில் அதிகம் எழுதியிருக்கிறானாம், எழுதியே பழகிப்போனதாம்.

அவன் ஆபீஸ் மேனேஜர் கௌஸ் முகைதீன் காயல்பட்டினத்துக்காரர். அரபி முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கியவர் அவர்தான். நல்ல மனுஷன், ஆனால் வாய் கறார்.

"தம்பி, நல்லபடியா முடிஞ்சா டூர் செக்‌ஷனே ஒன் கையில. ஆபீசர் கிரேடு, விசா, எல்லாம் நானே கையெழுத்து வாங்கித் தாரேன். ஆனா ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் லெட்டர் வரட்டும், கலாஸ், கதை முடிஞ்சுது. நீ டிக்கெட் எழுத வேண்டிய கடைசி ஆளு நீதான். பம்பாய், ஒன் வே."

இதை அவன் எங்கள் வீட்டில் வந்து சொன்னபோது சேதுபதி உடனே மூன்று பேர் பெயரைக் கொடுத்துவிட்டான்: அவன், ராதா, நான். பேரனை ராதாவின் அக்கா அபுதாபியில் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. எனக்கு அரண்மனையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இந்தப் பையன் ஜெயித்து வருவதைக் கூட இருந்து பார்க்க வேண்டும் என்று போனேன்.

மொத்தம் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள், அவனோடு சேர்த்து. அதில் ஒருவர் ஸ்ரீனிவாசன். பெரிய வங்கி ஒன்றில் அதிகாரி, நெற்றியில் நாமம், கையில் எப்போதும் பேனா. அவர் சம்சாரம் ஜெயபாரதி நேர்மாறு, பத்து வார்த்தை பேசினால் எட்டு வார்த்தை கேலி. புறப்படும் முன் கூட்டம் போட்டபோது அவர் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"பாத்திரத்துல முன்னாடி மாம்சம் சமைச்சிருப்பாளோ?"

"புதுப் பாத்திரம் வாங்கிடலாம் சார், போன அன்னிக்கே."

"அரிசி, பருப்பு?"

"அதுவும் போன அன்னிக்கே. யாரும் இங்கேர்ந்து தூக்கிட்டு வர வேணாம். ஆளுக்கு இருபது கிலோதான். சனிக்கெழம எறங்குறோம். வாரத்தோட மொத நாளு, கடையெல்லாம் புதுச் சரக்கா இருக்கும்."

எல்லோரும் தலையாட்டினோம். அங்கே பன்னிரண்டு பேர் இருந்தோம், பாதிப் பேர் பட்டதாரிகள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வளைகுடாவில் இருந்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும். வெள்ளிக்கிழமை ஓய்வு, சனிக்கிழமை காலையில் ஊரே சுறுசுறுப்பாகத் திறக்கும். வருஷக்கணக்காக அப்படியே இருந்து, கிழமை என்றால் உலகம் முழுக்க இப்படித்தான் என்று ரத்தத்தில் ஏறிவிட்டது.

நான் மட்டும் மிளகாய்ப்பொடி, புளி, பெருங்காயம், மல்லிப்பொடி, கடுகு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டேன். சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்றானே என்று ராதா தடுத்தாள். புளியை யாராவது சாப்பாடு என்பார்களா? கொண்டுபோவேன் என்றால் கொண்டுபோவேன்.

ஜூலை மாதம் விமானம் ஏறினோம். ஓடுபாதையில் அது வேகம் பிடித்தபோது கல்யாணம் என் பக்கத்தில் கண்ணை மூடவே இல்லை. பன்னிரண்டு டிக்கெட்டும் இருந்த ரெக்சின் பையை நெஞ்சோடு பிடித்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே எழும்பியதும், "நான் எழுதுற நேரத்துக்குத்தான் பெரியம்மா கெளம்புது, ஒரு நிமிஷம்கூடப் பிசகல" என்றான். தானே ஓட்டுகிறவன் மாதிரி அவ்வளவு பெருமை.

ஏதென்சில் இறங்கி ஏறி, வியன்னாவில் இறங்கும்போது மத்தியானம் ஒன்று. ஊர் பூராவும் உயர உயரமான பழைய கட்டடங்கள். வாசல் தலையில் கல்லில் செய்த ஆட்கள் உத்தரத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். டிராம் வண்டி சிவப்பும் வெள்ளையுமாக மணி அடித்துக்கொண்டு போகிறது. தெருவில் குதிரை வண்டி, ஓட்டுகிறவன் தலையில் வட்டத் தொப்பி. என்னோடு வந்த படித்தவர்கள் எல்லாம் பலகைகளைப் பார்த்து முழித்தார்கள். இங்கிலீஷ் எழுத்துத்தான், ஆனால் படித்தால் ஒன்றும் விளங்கவில்லையாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஊரில் எல்லோரும் என்னைப் போலத்தான். எழுத்தில்லாமல் நடமாடிப் பழக்கப்பட்டவள் என்பதால் திரும்பும் முனையில் பச்சைக் கதவு, தங்க முட்டை தொங்கும் கடை என்று அடையாளம் வைத்துக்கொண்டே வந்தேன்.

விடுதி நாலாவது மாடி. கம்பிக் கூண்டு போல ஒரு லிஃப்ட். ஹில்டா என்கிற விதவை அதை நடத்தினாள். என் வயசுதான் இருக்கும், கனத்த உடம்பு, சிரித்த முகம். அடுப்படியைத் திறந்து காட்டினாள். நாலு பர்னர் கேஸ் அடுப்பு, பித்தளை போல மின்னும் குழாய், கண்ணாடி போலத் துடைத்த மேஜை. அதைப் பார்த்ததும் ஸ்ரீனிவாசன்கூட, "பரவாயில்லை, கல்யாணசுந்தரம்" என்று சொல்லிவிட்டார். அந்த நாளில் அவர் சொன்ன கடைசி நல்ல வார்த்தை அதுதான்.

மூன்று மணிக்குப் பைகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்டோம். கல்யாணம், சேதுபதி, ஸ்ரீனிவாசன், நான். தெருக்கோடியில் கடைகள் வரிசை. எல்லாம் ஷட்டர் இறக்கியிருந்தது. கல்யாணம் கடிகாரத்தைப் பார்த்தான்.

"மத்தியானத் தூக்கம். நாலு மணிக்குத் தெறந்துடுவாங்க."

நியாயம்தானே? துபாயில் ஒரு மணிக்கு மூடி நாலு மணிக்குத் திறப்பார்கள். ஆகவே கடை வாசலில் நின்றோம். நாலு அடித்தது. அந்த ஊரில் ஒரு கோயில் மணி அடித்தால் ஒன்பது கோயில் பதில் சொல்கிறது. நாலரை ஆனது. "வெயில் காலம், கொஞ்சம் தாமதமாத் தெறப்பாங்க" என்றான். ஐந்து ஆனது. தெருவில் ஒரு காக்கைக் குஞ்சுகூட இல்லை. கடைசியில் நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். நாலு இந்தியர்கள் மூடிய ஷட்டரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். கல்யாணம் இங்கிலீஷில் கேட்டான். அவர் கொஞ்சம் தெரிந்தவர். கையைக் குறுக்கே ஆட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"என்னப்பா சொல்லுதாரு?"

"திங்கக்கெழம காலையிலதானாம் பெரியம்மா. சனிக்கெழம மத்தியானம் மூடுனா ஊர்ல ஒரு கடையும் தெறக்காதாம். ஞாயித்துக்கெழம இவங்களுக்கு வெள்ளிக்கெழம மாதிரியாம்."

ஸ்ரீனிவாசன் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. விடுதிக்குத் திரும்பியதும்தான் ஆரம்பித்தார்.

"ஒன்பது வருஷம் டிராவல் ஆபீஸ்ல இருந்தேள். வெள்ளைக்காரனுக்கு ஞாயித்துக்கிழமை லீவுன்னு ஒமக்குத் தெரியாதா ஓய்?"

"தெரியும் சார். ஆனா பிளேன் எல்லா நாளும் ஓடுது. நான் பிளேனத்தான் பார்த்தேன், கடையப் பார்க்கல."

"வாஸ்தவம். அதை அப்படியே எழுதிடறேன்."

ஹில்டா ரொட்டியும் வெண்ணெயும் பாலும் ஆப்பிளும் எடுத்து வைத்தாள். அவளிடம் இருந்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் பன்றிக்கறி. சின்னஞ்சிறுசுகள் ரொட்டி தின்றார்கள். ஸ்ரீனிவாசன் ரொட்டியில் முட்டை இருக்குமோ என்று அதைத் தொடவில்லை. ஒரு ஆப்பிளைத் தோல் சீவிச் சாப்பிட்டுவிட்டு, மேஜையில் உட்கார்ந்து விடுதிக் காகிதத்தில் எழுதத் தொடங்கினார். மூன்று பக்கம். பேனா ஓடுகிற சத்தம் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"ஏன்னா, பசியில எழுத்து கோணிடப் போறது" என்றாள் ஜெயபாரதி. அவர் நிமிரவில்லை.

நான் கல்யாணத்தைத் தேடினேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். மணி ஏழரையாகியும் அந்த ஊரில் வெயில் போகமாட்டேன் என்கிறது. படியின் ஜன்னல் வழியாக மஞ்சள் வெளிச்சம் அவன் மேல் அடித்தது.

"என்னத்துக்கு இப்படி உக்காந்திருக்க?"

"தாமரைக்கு எழுதிட்டேன் பெரியம்மா. தீபாவளிக்கு நீ துபாய்ல என்கூட இருப்பேன்னு, பொடவைகூட எடுத்து வைக்கச் சொல்லி."

"சரி, எழுதினது எழுதினதுதான். அத நடத்த வழி பாரு."

"எங்க போயி வழி பார்க்கிறது? ஊரே பூட்டிக் கெடக்கு."

"எல்லாமா பூட்டியிருக்கு? டிராம் ஓடுதுலா. கோயில் மணி அடிக்குதுலா."

நான் சும்மா அவனைப் பேசவைக்கத்தான் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். உதடு அசைந்தது. அவன் அந்தச் செங்கல் புத்தகத்தை மனசுக்குள் புரட்டும்போது இப்படித்தான் அசையும்.

"நாளைக்குக் காலையில ஏழு இருபதுக்கு ஒரு வண்டி இருக்கு" என்றான். "எட்டுக்கு ஒண்ணு. எட்டே முக்காலுக்கு ஜெர்மனி போறது ஒண்ணு. ஞாயித்துக்கெழமைன்னு ஒரு வண்டியையும் நிறுத்துறதில்ல. அத்தன பேரு ராத்திரி பகலாப் போறான், வர்றான். பட்டினியாவா போவான்? ஸ்டேஷன் தெறந்திருக்கும் பெரியம்மா. ஸ்டேஷன்ல ஒரு கடையாவது இருக்கணும்."

"நானும் வாரேன்."

"நீங்க எதுக்கு? நான் போயிட்டு..."

"புளியைத் தவிர மத்தது என்ன வேணும்னு உனக்குத் தெரியுமா? வாரேன்னா வாரேன்."

காலையில் ஆறரைக்குக் கிளம்பினோம், சேதுபதியும் பைகளோடு வந்தான். நான் வைத்த அடையாளங்கள் ஒவ்வொன்றாக வந்தன: தங்க முட்டை, பச்சைக் கதவு, டிராம் நிற்கும் இடம். ஸ்டேஷன் எங்கள் மதுரை ஸ்டேஷனைப் போல நாலு மடங்கு. உள்ளே போனதும் கல்யாணம் நின்றுவிட்டான். பெரிய பலகையில் வண்டிகளின் நேரம் போட்டிருந்தது. ஏழு இருபது, எட்டு, எட்டே முக்கால். அவன் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது போலக் காட்டினான். அவன் சொன்னது எதுவும் மாறவில்லை.

பலகைக்குக் கீழே, மூலையில், விளக்குப் போட்டுத் திறந்து கிடந்தது ஒரு மளிகைக் கடை.

உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், தக்காளி, வெங்காயம், எலுமிச்சை, பால், கெட்டித் தயிர், பொட்டலத்தில் அரிசி. பருப்பு ஒன்று இருந்தது. பழுப்பாக, மைசூர்ப் பருப்பைத் தோலோடு விட்ட மாதிரி. கடித்துப் பார்த்தேன். வேகும். மூன்று பேரும் கூடை கூடையாக அள்ளிக் கொண்டுபோய்க் கல்லா மேஜையின் மேல் வைத்தோம். கடைக்காரி நீலக் கோட்டுப் போட்ட ஒல்லியான பெண், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஆறு கிலோ உருளைக்கிழங்கைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள்.

"நோ. ஒன்லி டிராவலர்."

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை ரயில் பயணிகளுக்கு மட்டும்தானாம். வழியில் தின்ன ஒரு ஆப்பிள், ஒரு ரொட்டி, அப்படித்தான் கொடுக்கலாமாம். வீட்டுக்கு மளிகை வாங்குகிறவர்களுக்கு விற்றால் மற்றக் கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்களாம். ஆறு கிலோ உருளைக்கிழங்கோடு எந்தப் பயணி ரயில் ஏறுகிறான் என்று கேட்கிறாள். நியாயம்தான்.

சேதுபதி, "வாப்பா, போயிடலாம்" என்றான்.

கல்யாணம் நகரவில்லை. ரெக்சின் பையைத் திறந்தான். பன்னிரண்டு டிக்கெட்டையும் எடுத்து மேஜையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கினான். மதுரையில் பூக்காரி முழம் போடுவது போல அளவாக, நிதானமாக. பிறகு ஒரே வார்த்தை சொன்னான்.

"டிராவலர்ஸ். ட்வெல்வ்."

அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றி ஒரு டிக்கெட்டை எடுத்தாள். புரட்டினாள். அடித் தாள் வரைக்கும் போனாள். அடித் தாளிலும் எழுத்து முதல் தாளைப் போலவே கொழுகொழு என்று இருந்தது, எனக்கே தெரிந்தது. யார் எழுதியது என்று கேட்டாள் போல. அவன் சிவந்த விரல்களை விரித்துக் காட்டினான். அவள் சிரித்துவிட்டாள். அவளும் நாள் பூராவும் பில் எழுதுகிறவள்தானே, அவள் விரலிலும் நீல மை இருந்தது.

பயணி என்று ரயில் பயணியை மட்டும்தான் சொல்லவேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது. அவள் பன்னிரண்டு காகிதப் பையை எடுத்தாள். ஒவ்வொரு டிக்கெட்டாகப் பெயரைப் படித்து, ஒவ்வொரு பையிலும் அரைக் கிலோ உருளைக்கிழங்கு, ஒரு பொட்டலம் அரிசி, ஒரு தக்காளி, ஒரு டப்பா தயிர் என்று போட்டாள். ஒரு பயணிக்கு ஒரு வழிச் சாப்பாடு. "சீ-நி-வா-சன்" என்று ஒரு பையை நீட்டினாள். "அது பெரிய ஆளு, ரெண்டு எலுமிச்சங்காயாப் போடச் சொல்லு" என்றேன். கல்யாணம் சொன்னான். போட்டாள்.

எட்டு மணி வண்டி கிளம்பும் சத்தம் பின்னால் கேட்க, நாங்கள் பன்னிரண்டு பையோடு டிராம் ஏறினோம்.

விடுதியில் அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். நான் அடுப்படிக்குள் நுழைந்து பெண்களை எல்லாம் கூப்பிட்டேன். புதுப் பாத்திரம் இல்லையே என்று ஸ்ரீனிவாசன் வாசலில் நின்றார். ஹில்டா பரணில் இருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியை இறக்கினாள். அவள் திருமணத்துக்குச் சீராக வந்த பாத்திரங்களாம், ஒரு நாளும் எடுத்ததில்லையாம், முடிச்சுகூட அவிழ்க்கவில்லை. அதற்குமேல் அவர் என்ன சொல்ல முடியும்? அந்தப் பழுப்புப் பருப்பில் சாம்பார், உருளைக்கிழங்கு பொடிமாஸ், முட்டைக்கோஸ் கறி, எலுமிச்சை ரசம், தயிர்சாதம். கடுகு தாளித்தேன் பாருங்கள், பெருங்காய வாசனை லிஃப்ட் கூண்டு வழியாக நாலு மாடியும் இறங்கிவிட்டது. மூன்றாம் மாடிக் கிழவர் என்ன தீப்பிடித்ததா என்று பார்க்க வந்தவர், தட்டோடு உட்கார்ந்துவிட்டார். ஹில்டாவுக்கு ரசம் பிடித்துப்போனது. கோப்பையில் ஊற்றி மூன்று தடவை குடித்தாள்.

ஸ்ரீனிவாசன் தயிர்சாதம் நாலாவது தடவை போட்டுக்கொண்டார். ஜெயபாரதி கரண்டியை அவர் இலைக்கு மேல், அதாவது தட்டுக்கு மேல், நிறுத்திக்கொண்டு கேட்டாள்.

"இதையும் லெட்டர்ல ஒரு பக்கம் சேத்துடுங்கோ. தயிர் கெட்டியா இருந்ததால கஷ்டப்பட்டேன்னு."

சாப்பாட்டுக் கூடமே சிரித்தது. அவரும் மீசைக்குள் சிரித்தார். ஆனால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடிதம் அங்கேதான் இருந்தது. கிழிக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் மஞ்சள் அரண்மனைக்குப் போனோம். எத்தனை அறை என்று எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டேன். பின்னால் மலை போல ஒரு மேடு, அதன் உச்சியில் வெறும் தூண்களால் ஒரு மண்டபம். அங்கே உட்கார்ந்து பார்த்தால் ஊர் முழுக்கக் காலடியில். அடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் சமைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஆற்றில் படகு. ஓட்டமாக ஓடாமல் ஆடி ஆடி நடக்கும் வெள்ளைக் குதிரைகள். பெரிய தேவாலயத்தின் கோபுரத்தில் முந்நூற்று நாற்பத்து மூன்று படி. வேண்டாம் என்று மகனும் மருமகளும் கெஞ்சக் கெஞ்ச அத்தனையும் ஏறினேன். மேலே கல்யாணம் எனக்கு முன்னால் போய் நின்று கை கொடுத்தான். ஓட்டுக் கூரையில் வண்ண ஓடுகள், பாய் முடைந்த மாதிரி. ஒரு காப்பிக் கடைக்கும் போனோம். அங்கே காப்பியோடு சின்னத் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரும் வைக்கிறார்கள். "கும்பகோணத்து ஓட்டல்ல வைக்கிற மாதிரியே இருக்கு" என்று கல்யாணம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். காப்பியை நாங்கள் குடித்து முடித்த பிறகுதான் தொட்டான்.

அந்த ஒன்பது நாளில் ஒருவரும் ஒரு வேளைகூடப் பட்டினி இல்லை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தவிர. ஆனால் அந்தச் சாயங்காலம் ஸ்ரீனிவாசன் சட்டைப் பையில் இருந்தது.

துபாய் வந்த மறுநாள் அவர் ஆபீசுக்குப் போய் உறை ஒட்டிய கடிதத்தை கௌஸ் முகைதீன் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சேதுபதி டிக்கெட் விஷயமாக அங்கே இருந்தான், நானும் கூடப் போயிருந்தேன். வீட்டில் இரு என்றார்கள், இருக்க முடியவில்லை. கல்யாணம் தன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டிக்கெட்டை எழுதிக்கொண்டிருந்தான். பேனாவை அழுத்தவில்லை. நான் பார்த்தேன்.

கௌஸ் முகைதீன் உறையைக் கிழித்து, கண்ணாடி போட்டு, வாய்விட்டே படித்தார். இங்கிலீஷ். சேதுபதி என் காதில் தமிழில் சொன்னான். முதல் மூன்று பக்கமும் அந்தச் சனிக்கிழமை. மூடிய கடை, இரண்டு மணி நேரம் நின்றது, ஆப்பிள், ரொட்டி, எதையும் விடவில்லை. கல்யாணத்தின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. நாலாவது பக்கம் வேறு மையில் எழுதியிருந்ததாம். "மேற்கண்ட தவறு திருத்தப்பட வேண்டும். அடுத்த வருஷம் வியாழக்கிழமை இறங்க வேண்டும். அப்படி இறங்குவதாக எழுதித் தந்தால் நான், என் மனைவி, என் தம்பி குடும்பத்தார் நான்கு பேர், வங்கியில் என் கீழ் வேலை பார்க்கும் இரண்டு குடும்பம் ஆகியோருக்கு இப்போதே இடம் ஒதுக்கக் கோருகிறேன். டூரைத் திரு. கல்யாணசுந்தரமே நடத்த வேண்டும். வேறு ஆளை அனுப்பினால் வரமாட்டோம்."

கௌஸ் முகைதீன் கடிதத்தை மடித்தார்.

"கம்ப்ளெயின்ட் லெட்டர் வந்தா கலாஸ்னு நான் சொன்னேன்லா தம்பி?"

"சொன்னீங்க."

"இதுல கம்ப்ளெயின்ட் இருக்கு."

"இருக்கு."

"ஆனா இது புக்கிங் லெட்டர். புக்கிங்கைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை." கடிதத்தைக் கம்பியில் குத்தினார். முன்பதிவுகளைக் குத்தி வைக்கும் கம்பி. "யல்லா, பாஸ்போர்ட்ட எடு. முதலாளி மத்தியானம் வாராரு. ஒனக்கு கையெழுத்து வாங்கணும்."

கல்யாணம் எழுந்து நின்றான். நான்தான் பேசினேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை, சத்தமாகப் பேசினேன் என்று சேதுபதி இன்றைக்கும் சொல்லுவான்.

அடுத்த வருஷம் அவன் முப்பத்தொரு பேரைக் கூட்டிப் போனான். அதற்கடுத்து இரண்டு டூர். ஹில்டாவின் பரணில் இருந்த அத்தனை பாத்திரமும் வெளியே வந்தது. ஸ்டேஷன் கடைக்காரிக்கு ஒவ்வொரு தடவையும் நாமக்கட்டி நிறத்தில் ஒரு ஜெய்ப்பூர் வளையல் போனது. ஆனால் அதெல்லாம் பிறகு.

அந்த எழுபத்தேழு அக்டோபரில் தாமரையின் டிக்கெட்டை அவனே எழுதினான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, நான் பார்க்க எழுதினான். பேனா மேஜைத் துணியைத் துளைத்துவிடுமோ என்று பயந்தேன், அப்படி ஓர் அழுத்தம். அடித் தாளைப் பிரித்துக் காட்டினான். பளிச்சென்று இருந்தது.

"எந்தக் கிழமைல வாரா?" என்று கேட்டேன்.

"புதன், பெரியம்மா." டிக்கெட்டை ஊதி உறைக்குள் வைத்தான். "மளிகைக் கடை, பால் கடை, பூக்கடை, நாலு எடத்துல நேர்ல போயிக் கேட்டுட்டேன். புதன்கெழம எல்லாரும் தெறந்திருப்பாங்களாம்."